நீர்க்குன்றத்து நொண்டி நரி

"பாலாத்துத் தடத்துக்கே போயிருக்கலாம்னு நான் அப்பவே..."

"அங்க என்ன இருக்கு? மூணு கொக்கு. மூணும் பேட்டரி. மூணு வாரமா ஒவ்வொரு தடத்துக்கும் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு உக்காந்து படிச்சு நான்..."

"படிச்சியா, நட்சத்திரத்தை எண்ணினியா?"

"எண்ணினேன். நீங்க அதையாவது செஞ்சீங்களா? போன வாரம் முயல் இருபது அடியில உக்காந்திருந்துச்சு. நாலு கல்லு. நாலும் புதருக்குள்ள. காலேஜ் டீம்ல ஆடின கைன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறது..."

"தோள்பட்டை வலின்னு சொன்னேனா இல்லையா, வசு?"

"அஞ்சாவது கல்லு யார் எறிஞ்சா? பட்டுச்சா இல்லையா?"

வண்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓட்ட வேண்டிய வேலை இல்லாததால் கணவனும் மனைவியும் எதிரெதிராக உட்கார்ந்து சண்டை போட முடிந்தது. சென்னை அந்தக் காலத்தில் திண்டிவனத்தையும் தாண்டி வளர்ந்துவிட்டிருந்தது. கடைசி மேம்பாலம் இறங்குமிடத்தில்தான் நாட்டுப்புறம் என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். பூபாலனுக்கு நாற்பது வயது. வசுமதிக்கு முப்பத்தாறு. பின்னிருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இழையினிக்கு அடுத்த மாதம் ஆறு முடிகிறது. சிக்கலே அதுதான்.

ஆறு முடிந்துவிட்டால் தளிர்வனம் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். விண்ணப்பம் அன்று மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. தளிர்வனத்தில் மரம் இருந்தது, மணல் இருந்தது, முக்கியமாக வேறு குழந்தைகள் இருந்தார்கள். அது கிடைக்காத பிள்ளைகளுக்குத் திரைக்கூடம்: ஓர் அறை, ஒரு திரை, ஒரு குழந்தை, பன்னிரண்டு வருடம்.

தளிர்வனம் பணம் கேட்கவில்லை, தேர்வும் வைக்கவில்லை. இயற்கையை நேசிக்கும் குழந்தைகள் மட்டும் போதும் என்றது. நேசிப்பதற்கு அத்தாட்சியாக மூன்று நேர்காட்சிச் சான்று கேட்டது. அதாவது, குழந்தை நகரத்துக்கு வெளியே ஏதாவதொரு நடைத்தடத்தில் நடந்து, உயிருள்ள பாலூட்டி விலங்கை மூன்று முறை நேரில் கண்டிருக்க வேண்டும். இழையினி ஓர் அணிலையும் ஒரு முயலையும் கண்டிருந்தாள். இன்னும் ஒன்று பாக்கி.

"அம்மா, நான் திரையிலயே படிக்கிறேனே."

"வாயை மூடு. திரையில படிச்சவ நான். பதினெட்டு வயசு வரைக்கும் இன்னொரு பொண்ணு கையைத் தொட்டுப் பார்த்ததில்ல. சிரிக்கிறது எப்படின்னுகூட அந்த மிஷின்தான் சொல்லிக் குடுத்துச்சு. உனக்கு அது வேணுமா?"

"உங்கம்மா சிரிச்சு நானே பார்த்ததில்லடா" என்றான் பூபாலன்.

"பார்க்கிற மாதிரி நீங்க என்னைக்கு என்ன செஞ்சீங்க?"

உயிருள்ள விலங்கு என்று பள்ளி அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன்பே நடைத்தடங்களில் விலங்குகள் குறைந்துபோயின. 'இரண்டு மணி நேரம் நடந்தோம், ஒரு காக்காய்தான்' என்று மக்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். தடம் நடத்துபவர்கள் பொறிவிலங்குகளை இறக்கினார்கள். அவற்றுக்கு உடற்சூடு உண்டு, மூச்சு உண்டு, நாடித்துடிப்பு உண்டு. தண்ணீர் குடிக்கும், காதை ஆட்டும், அடிபட்டால் சிவப்பாக ஒழுகவும் செய்யும். நட்சத்திரங்கள் ஐந்தாயின.

ஒன்றே ஒன்றுதான் அவற்றிடம் இல்லை. இயந்திரங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று நாடே திரண்டு போராடியதில் பொறியுயிர்ப் பரிவுச் சட்டம் வந்திருந்தது. அதன்படி எந்த இயந்திரத்துக்குள்ளும் வலியையும் அச்சத்தையும் வைக்கக் கூடாது. ஆகவே அஞ்சுகிற விலங்கு எதுவோ, அதுவே நிஜ விலங்கு. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி செய்தார்கள். உயிர்மானி என்று பெயர். முப்பது அடிக்குள் எந்த உடம்பாவது பயத்தில் துள்ளினால் அந்த அலையைப் பிடித்து, பாலூட்டியா பறவையா என்று மட்டும் பார்த்து, சான்றில் முத்திரை குத்திவிடும்.

பயம் தானாக வராது. வரவழைக்க வேண்டும்.

எறிவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. கம்பிக்கு அப்பால் படுத்துத் தூங்கிய சிறுத்தையை எழுப்பிப் பிள்ளைக்குக் காட்ட, வேர்க்கடலையும் தண்ணீர் பாட்டிலும் எறிந்தவர்கள்தாம் இவர்களுடைய முன்னோர். அவர்களுக்குச் சான்று கொடுக்க யாரும் இருக்கவில்லை, அவ்வளவே.

நீர்க்குன்றத்தை வசுமதி தேர்ந்தெடுத்ததும் காரணத்தோடுதான். 'இயற்கை எழில் கொஞ்சும் இடம், தாமரைக்குளம், நடக்க நல்ல நிழல், கழிப்பறை சுத்தம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'நொண்டி நரி ஒன்று குளத்தங்கரையில் எப்போதும் இருக்கும், வேகமாக ஓடாது, எறிவதற்கு வசதி, குடும்பத்தோடு போகலாம்' என்று இன்னொருவர். அந்த நரிக்கு மட்டும் எழுநூறு பேர் நன்றி தெரிவித்திருந்தார்கள்.

தடத்தின் வாசலில் காவலர் ஏகாம்பரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், 'அமைதி காப்போம். பூக்களைப் பறிக்காதீர். பிளாஸ்டிக் தவிர்ப்போம்' என்றது பலகை.

"பையில என்ன சார்?"

"கல்லு. வீட்லேர்ந்து கொண்டாந்தது."

"வெளிக்கல்லு உள்ள போகக் கூடாது சார். கிருமி இருக்கும், விலங்குக்கு நோய் வந்துடும்." அவர் ஒரு கூடையைத் தள்ளினார். கழுவிக் காயவைத்த கூழாங்கற்கள். "ஒரு குடும்பத்துக்குப் பத்து. கூர் இல்லாதது. நாங்க பார்த்துத்தான் பொறுக்குவோம்."

"பொறி மேல பட்டுட்டா?"

"பரவால்ல, அதுக்கு வலிக்காது. சட்டமே இருக்கு."

"நிஜத்து மேல பட்டா?"

ஏகாம்பரம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குத்தானே சார் வந்திருக்கீங்க?"

"நரி இருக்குல்ல?" என்றாள் வசுமதி.

"எங்கம்மா போகப்போவுது? இருக்கும். காலையிலதான் நாலு குடும்பம் போய்ட்டு வந்துச்சு."

"சான்று கிடைச்சுதா அவங்களுக்கு?"

"அதெல்லாம் நமக்குச் சொல்ல மாட்டாங்க. மூஞ்சைத் தொங்கப் போட்டுட்டுத்தான் போனாங்க." குனிந்து இழையினியைப் பார்த்தார். "என்ன பாப்பா, ஸ்கூலா? நல்லாப் படி."

மணி நாலு. தடம் உண்மையிலேயே அழகாக இருந்தது. இருபுறமும் பனை, நடுவே செம்மண் பாதை, தூரத்தில் குன்று. மான்கூட்டம் ஒன்று தலை நிமிர்ந்து, அழகாக மூன்று எண்ணும் நேரம் நின்று, திரும்ப மேய்ந்தது. பூபாலன் உயிர்மானியை நீட்டினான். 'அச்சம் இல்லை' என்றது அது. மறுபடியும் மான்கூட்டம் தலை நிமிர்ந்து மூன்று எண்ணும் நேரம் நின்றது.

"அப்பா, அந்த மான் என்னைப் பார்த்து சிரிக்குது."

"அது பேட்டரிடா கண்ணு. நேரத்தை வீணாக்காம வா."

"எனக்கு அதைத்தான் பிடிச்சிருக்கு."

"பிடிச்சு என்ன பண்றது? ஸ்கூல்ல அதை ஒத்துக்க மாட்டாங்க."

குளத்தங்கரையில் நரி இருந்தது. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. ஓடவில்லை, ஒளியவில்லை, முன்கால்களை நீட்டி, சுமைதாங்கிக் கல்லைப் போல உட்கார்ந்திருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. முதுகு ரோமம் திட்டுத்திட்டாக உதிர்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் தரையில் கூழாங்கற்கள் நிறையக் கிடந்தன.

"பாப்பா, நேரா நில்லு. கண்ணைத் திற. நீ பார்த்தாதான் கணக்கு" என்றாள் வசுமதி.

பூபாலன் எறிந்த முதல் கல் நீரில் விழுந்தது.

"அய்யோ ராமா!"

இரண்டாவது நரியின் விலாவில் பட்டது. நரி தலையைத் திருப்பி, பட்ட இடத்தைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது.

"என்ன சொல்லுது?"

"அச்சம் இல்லைங்குது."

"சரியாப் பிடிங்க. கையை ஆட்டாதீங்க."

மூன்றாவது. நான்காவது. நான்காவது நெற்றியில் பட்டு, ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. நரி கண்ணை மூடித் திறந்தது. எழுந்திருக்கவில்லை.

"அச்சம் இல்லை. பொறிவிலங்குன்னு போடுது, வசு."

"பொறி இப்படியா நாறும்? கிட்ட போய் மோந்து பாருங்க. நிஜந்தான் அது!"

"நிஜம்னு எனக்கும் தெரியுது. அதுக்குப் பயமா இல்லையே, நான் என்ன பண்ண?"

அவன் சொன்னது சரிதான். மூன்று மாதமாகக் காலையில் நாலு குடும்பம், மாலையில் நாலு குடும்பம் என்று எறிந்து எறிந்து, அந்த நரியின் உடம்பில் இருந்த பயம் முழுவதையும் எழுநூறு பேர் சான்றாக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். எழுநூற்றோராவது குடும்பத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை. வலி இருந்தது. வலிக்குப் பள்ளி மதிப்பெண் தரவில்லை.

"மணி நாலரை. குடுங்க இங்க." வசுமதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "நீங்க அந்தப் பக்கம் போங்க. ரெண்டு பக்கமும் போட்டா மிரளும்."

"அம்மா, வேணாம்மா..."

"பாப்பா, பின்னாடி போகாதே! பாருன்னு சொன்னேனா இல்லையா?"

"பெரிய கல்லு எடு, வசு. கரையில கிடக்கு பாரு."

"அது கூரா இருக்குங்க."

"எவன் பார்க்கிறான்?"

தோள்பட்டை வலி அவனுக்கு மறந்துபோயிருந்தது. இத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு வேலையைச் செய்ததில்லை. "இப்ப நீ", "இல்ல, நீங்க", "தலையைப் பார்த்து", "கத்துங்க, சேர்ந்து கத்துங்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கத்தினார்கள். காலை ஓங்கித் தரையில் மிதித்தார்கள். நரி ஒருமுறை எழப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. தலையைச் சேற்றில் வைத்துக்கொண்டது. அப்போதும் அது இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பார்க்கவில்லை.

உயிர்மானி கூவியது. பச்சை விளக்கு எரிந்தது.

'உயிர் உறுதி. பாலூட்டி, ஒன்று. அச்ச அலை: மிக அதிகம். மூன்றாம் சான்று நிறைவு. வாழ்த்துகள்.'

"வந்துடுச்சு!" பூபாலன் மனைவியைத் தூக்கிச் சுற்றினான். வசுமதி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். "நான் சொன்னேன்ல? பயந்துச்சு பாருங்க! கடைசி நிமிஷத்துலயாவது பயந்துச்சு! முத்திரை இருக்கா? நல்லாப் பாருங்க."

"இருக்கு, இருக்கு. நேரம், இடம், திசை, எல்லாம்..."

அவன் நிறுத்தினான். நரி அவனுக்கு முன்னால் ஆறடியில் கிடந்தது. கருவியில் அம்புக்குறி பின்பக்கம் காட்டியது. இருபத்திரண்டு அடி என்றது.

இருவரும் திரும்பினார்கள். இருபத்திரண்டு அடியில் ஒரு பனைமரம் நின்றது. அதன் பின்னால், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அவர்களைப் பார்த்தபடி இழையினி நின்றாள். அவள் கால் நனைந்திருந்தது.

மனிதரை விலக்கிவிடும்படி அந்தக் கருவியை யாரும் பழக்கியிருக்கவில்லை. அழகான ஒரு நடைத்தடத்தில், குடும்பத்தோடு வந்த இடத்தில், மனிதப் பிள்ளை எதைப் பார்த்து அஞ்சப்போகிறது என்று செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

பூபாலன் கருவியைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான்.

"வசு... இது..."

"முத்திரை விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு. ஆனா இது நம்ம..."

"பாலூட்டின்னுதானே போட்டிருக்கு? வேற ஏதாவது போட்டிருக்கா?"

"இல்ல."

"மணி நாலே முக்கால். அனுப்புங்க."

"வசு..."

"யாருக்காக அனுப்பச் சொல்றேன்? எனக்கா? அனுப்புங்கன்னா அனுப்புங்க."

அனுப்பினான். இரண்டு நிமிடத்தில் பள்ளியிலிருந்து பதில் வந்தது. 'இயற்கையின்மீது பேரன்பு கொண்ட குழந்தை இழையினியைத் தளிர்வனம் வரவேற்கிறது. இத்தகைய அன்பு பெற்றோரிடமிருந்தே வருகிறது.' அடுத்த நொடியே தடத்தின் கேள்வியும் வந்தது: 'நீர்க்குன்றம் அனுபவம் எப்படி?' பழக்கத்தில் பூபாலனின் இடது கட்டைவிரல் ஐந்து நட்சத்திரத்தை அழுத்திவிட்டது.

"பாப்பா!" வசுமதி கையை விரித்தாள். குரல் இளகியிருந்தது. "வாடா செல்லம். ஸ்கூல் கிடைச்சிடுச்சு. இனிமே உனக்கு நிறைய ஃப்ரெண்ட்ஸ். அம்மா மாதிரி தனியா இருக்க வேணாம். வா, அம்மாகிட்ட வா."

குழந்தை வரவில்லை.

"வாடா கண்ணு" என்று பூபாலன் ஓரடி எடுத்துவைத்தான். உயிர்மானி மறுபடியும் கூவியது. அவன் அதை அணைக்கப் பார்த்தான். பொத்தான் கருவியின் மறுபுறம் இருந்தது; வலது கையில் இன்னும் ஒரு கல் இருந்ததால் விரல் போகவில்லை.

இழையினி மரத்தை விட்டுவிட்டு வெளியே வந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கையைக் காட்டி நின்றாள். சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதைப் போல, கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

"நான் நல்லாப் பயந்துட்டேன்பா. போதும்ல?"