தாடையில் ஒட்டிய சிவப்பு மண்

புழுதிப் புயல் ஓய்ந்த மறுநாள் காலை, நன்சல்மா ஒட்டகத்தை விரட்டிக்கொண்டு காவல் சாவடிக்கு வந்தாள். கொடுத்த பால் தேநீரை அவள் தொடவில்லை. பழங்கால விலங்குகளின் எலும்பைத் தோண்டி எடுக்கும் தொக்தோகுக்கு வழிகாட்டியாகப் போன அவள் கணவன் லுவ்சன், நேற்று வீடு திரும்பவில்லை. விசாரித்தால், தோண்டி எடுத்த மண்டையோட்டைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்கிறானாம் தொக்தோகு.

"ஆட்டுக்கு ரோமம் வாரிக்கிட்டிருக்கிற நேரம், அக்கா. இப்பப் போயி எங்க ஓடுவாரு?" என்றாள் நன்சல்மா.

அதிகாரி தெல்கெர்மா மேலங்கியை மாட்டினாள். ஓட்டுநர் பூர்வே அதற்குள் ஜீப்பைக் கிளப்பியிருந்தான். பின்னிருக்கையில் நன்சல்மா இருப்பதையும் மறந்து, லுவ்சன் இந்நேரம் எல்லையைத் தாண்டியிருப்பான் என்று அடித்துச் சொன்னான். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

வழியில், கிணற்றருகே லுவ்சனின் மோட்டார் சைக்கிள் தனியாக நின்றது. தெல்கெர்மா குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். இருக்கையைத் தடவி, விரலைப் பார்த்தாள்.

தொக்தோகின் கூடாரம் சாம்பல் நிறச் சரளை மேட்டில் இருந்தது. பக்கத்தில் இடுப்பளவுக் குழி. அங்கேதான் தோண்டியதாகவும், புயல் கிளம்புவதற்கு முன்பே லுவ்சன் வண்டியில் போய்விட்டதாகவும் அவன் சொன்னான். மண்டையோட்டோடு கிடைத்ததென்று ஒரு தாடைத் துண்டை நீட்டினான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், பல்லால் மண்ணைக் குடைந்து வளையில் வாழ்ந்து அழிந்துபோன சகானோமிஸ் என்ற கொறித்துண்ணியின் தாடை அது. பல்லிடுக்கில் செங்கல் நிறத்தில் களிமண் இறுகியிருந்தது. தெல்கெர்மா அதை நகத்தால் சுரண்டினாள்.

"வண்டிச் சக்கரத்துக்கு அடியில புதுப் புழுதி கெடக்கு. இருக்கையில துளிகூட இல்ல," என்றாள். "புயலுக்கு முன்னாடி விட்டிருந்தா, புழுதி வண்டி மேலதானே இருக்கணும்? புயல் ஓய்ஞ்சப்புறம்தான் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க."

"லுவ்சனே நிறுத்தியிருக்கலாமே, அக்கா?" என்றான் பூர்வே.

"அப்ப இந்தத் தாடை எங்கேருந்து வந்துச்சு? இந்தக் குழியில எல்லாம் சாம்பல் சரளை. சிவப்புக் களிமண் அதோ தெரியுற அந்தச் செங்குத்துப் பாறைக்கு அடியில மட்டும்தான் இருக்கு. அங்க தோண்டணும்னா சுரங்கம்தான் போடணும், அதுக்கு அனுமதி கெடையாது. இவரு தோண்டின இடத்தை மறைக்கிறாரு." அவள் தொக்தோகின் பக்கம் திரும்பினாள். "சுரங்கம் இன்னும் நிக்குதா?"

தொக்தோகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். லுவ்சன் உள்ளே இருந்தபோது புயலில் சுரங்கம் சரிந்ததையும், கூப்பிட்டுப் பார்த்தும் பதில் வராததையும், சிறைக்குப் பயந்து வண்டியை நகர்த்தியதையும் தலை நிமிராமல் சொன்னான்.

அவன் முடிப்பதற்குள் நன்சல்மா குழியருகே கிடந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நால்வரும் தோண்டினார்கள். மண் மறுபடி மறுபடி சரிந்தது. பூர்வேயின் கையில் தோல் உரிந்திருந்தது. உச்சி வெயிலில் மண்வெட்டி ஒரு பலகையில் இடித்தது. சுரங்கக் கூரையைத் தாங்க வைத்து, சாய்ந்து விழுந்த முட்டுப் பலகை அது. அதற்குப் பின்னால் இருட்டு. இருட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

"ஆட்டை யாரு பாத்துக்கிறா?" என்றது லுவ்சனின் குரல்.

"ஆடு கெடக்கட்டும். பேசாம மூச்ச விடு," என்றாள் நன்சல்மா. மண்வெட்டியை எறிந்துவிட்டு, வெறுங்கையால் மண்ணை அள்ளத் தொடங்கினாள்.