அலைவாயின் கண்மறைப்பான்

அலைவாயிலிருந்து கரைக்குப் போகும் எந்தச் செய்திக்கும் முகம் கிடையாது. குழந்தை தன் தாத்தாவுக்கு அனுப்பும் முத்தமானாலும் சரி, காற்றாலை நிறுவனத் தலைவரின் கடிதமானாலும் சரி, முதலில் கண்மறைப்பானுக்குள் விழுந்தாக வேண்டும். அந்தக் கருவி எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஒரே மாதிரி உறை போட்டு, குலுக்கிக் கலந்து கடலடி ஒளிவடத்துக்குள் தள்ளிவிடும். கரையிலிருந்து வருவதற்கும் அதே கதிதான். நடுவில் நிற்பவன் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவனுக்கு உறை மட்டுமே தெரியும்.

அதை உருவாக்கியவள் ஆக்னஸ், தகவல்வழி ஒழுங்காணையத்தின் பொறியாளர். கருவியறைக்கு யாராவது பார்க்க வந்தால் கதவை அவளே திறந்துவிடுவாள். வேறு கடலூர்களிலிருந்தும் மலையூர்களிலிருந்தும் ஆட்கள் வந்து குறிப்பெடுத்துப் போனார்கள். "இவ்வளவுதானா பெட்டி?" என்று அவர்கள் கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

தூத்துக்குடிக்கு எழுபது கிலோமீட்டர் கிழக்கே மிதக்கும் ஊர் அலைவாய். நானூறு காற்றாலைகளைப் பராமரிக்க வந்தவர்களும் குடும்பங்களுமாக நாலாயிரம் பேர். கரைக்கு இருப்பது ஒரே ஒளிவடம். செயற்கைக்கோள் வழி, அவசரத்துக்கு நாலு வார்த்தை பேசத்தான் காணும். ஆரம்பத்தில் அந்த ஒளிவடத்தை நீலவடம் என்ற நிறுவனம் நடத்தியது. அது விரைதடம் என்று ஒன்றைத் திறந்தது. தன் திரைப்படங்களும் தனக்கு வேண்டியவர்களின் சேவைகளும் அதில் பறந்தன. மற்றதெல்லாம் பின்னால் ஊர்ந்தது. ஒரு ஐப்பசி மாதம், போட்டி நிறுவனம் ஒன்றின் புயல் எச்சரிக்கை நாற்பது நிமிடம் தாமதமாக ஊர்ந்து வந்தது. பராமரிப்புக்குப் போன ராயப்பனின் படகு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு, ஒளிவடத்தில் ஆக்னஸின் பெட்டியை வைக்கச் சொல்லி ஊர் இரண்டு வருடம் வழக்காடியது. நீலவடத்தின் ஊர் மேலாளர் தயாபரன் கடைசி விசாரணையில் எழுந்து நின்றார்.

"ஆம்புலன்ஸுக்கு ரோட்டுல வழி விடுறோம்ல, மேடம்? உங்க பெட்டிக்குக் கண்ணே கிடையாதுன்னா அதுக்கு ஆம்புலன்ஸ் எது, லாரி எதுன்னு எப்படித் தெரியும்?"

"ஆம்புலன்ஸ்னு சொல்லித்தானே சார் உங்க சினிமா வண்டி எல்லாத்தையும் முன்னால விட்டீங்க" என்றாள் ஆக்னஸ்.

மன்றம் சிரித்தது. தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. கண்மறைப்பானுக்குச் சுற்றுவழி வைக்கவே கூடாது என்று சட்டமானது. சுற்றுவழியைத் திறக்கும் சாவி யாரிடம் இருந்தாலும் அது ஒருநாள் விலைபோகும் என்று அவள்தான் வாதாடியிருந்தாள். நீலவடம் வெளியேறிற்று. தயாபரன் மட்டும் வடம் பழுதுபார்க்கும் வேலையில் ஊரிலேயே தங்கிவிட்டார். கடையில் அவர் வந்து நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்துகொள்வார்கள்.

தீர்ப்பு வந்த மூன்றாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காற்றாலைக் கோபுரத்திலிருந்து இசக்கி விழுந்தாள். போன புயலில் கோபுர உச்சியில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரைத் தோளில் கட்டி இறக்கியவள் அவள். ஊரில் அவளைப் பிடிக்காதவர் கிடையாது. கல்லீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்தது. வெளியே சூறைக்காற்று, வானூர்தி எழும்ப முடியாது. மதுரையிலிருந்து அறுவை நிபுணர் தொலைக்கரத்தை இயக்கித் தைக்க வேண்டும்.

ஊர் மருத்துவர் ஹமீதா ஆக்னஸை அழைத்தாள்.

"தொலைக்கரம் நடுங்குது ஆக்னஸ். மதுரைல அவர் ஒண்ணு செஞ்சா இங்க கரம் அரை நொடி கழிச்சுச் செய்யுது. ஐம்பது நிமிசம் எனக்கு வழிய ஒதுக்கிக் கொடு."

"ஒதுக்க முடியாது டாக்டர்."

"யாருகிட்டக் கேட்கணும்?"

"யாருகிட்டயும் இல்ல. பெட்டிக்கு உங்க துண்டு எதுன்னே தெரியாது. எனக்கும் தெரியாது."

சொன்ன வாயை மூடுமுன் தயாபரனின் ஆம்புலன்ஸ் கேள்வி அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். ஊரே திரைமுன் உட்கார்ந்திருந்தது. ஒளிவடம் தொண்ணூற்றாறு விழுக்காடு நிரம்பியிருந்தது. பெட்டியைத் தொட முடியாது. பெட்டிக்குள் விழுவதைக் குறைத்தால்? அவள் புயல் ஒலிபெருக்கியின் முன் ஓடினாள்.

"ஆக்னஸ் பேசுறேன். இசக்கிக்கு ஆபரேஷன் நடக்குது. மதுரை டாக்டருக்கு லைன் காலியா வேணும். எல்லாரும் எல்லாத்தையும் நிறுத்துங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க."

திரும்பி வந்து அளவுமானியைப் பார்த்தாள். தொண்ணூறு. அறுபது. இருபத்தைந்து. பிறகு ஊசி மூன்றில் போய் நின்று நடுங்கியது. நாலாயிரம் பேர் இருக்கும் ஊரில் காற்றின் ஊளை மட்டும் கேட்டது. ஐம்பத்திரண்டு நிமிடம். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது திங்கட்கிழமைதான் பலருக்குத் தெரிந்தது. அதற்குள் இசக்கி கண் விழித்துக் கஞ்சி கேட்டுவிட்டாள்.

அந்த வாரம் ஆக்னஸ் நடந்த நடையே வேறு. கருவிக்குக் கண் வேண்டாம், மனிதர்களுக்கு இருக்கிறதே என்று ஆணையத்துக்கு அறிக்கை எழுதினாள். அலைவாயின் ஐம்பத்திரண்டு நிமிட அமைதி உலகச் செய்தியானது. ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே படித்துப் பூரித்துப் போனார்கள்.

ஆறு வாரம் கழித்து தயாபரனுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. மறுபடியும் சூறைக்காற்று, மறுபடியும் தொலைக்கரம். ஆக்னஸ் அதே ஒலிபெருக்கியில் அதே போல் அறிவித்தாள், பெயரோடு.

ஊசி தொண்ணூறிலிருந்து எண்பத்திரண்டுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

அவள் கருவியைத் தட்டிப் பார்த்தாள். கருவியில் பழுதில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்குடியிருப்பில் வரிசையாகத் திரைகள் ஒளிர்ந்தன. ஒரு வீட்டில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். ஹமீதா அழைத்தாள்.

"மதுரைக்காரர் கத்திய வெளிய இழுத்துட்டார். இப்படி நடுங்கினா குடலைக் குத்திரும்ங்கார். அரை மணி நேரம் பார்ப்போம்ங்கார். அதுக்கு மேல தாங்காது."

ஆக்னஸ் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றாள். என்ன சொல்வதென்று யோசிக்க நேரமில்லை.

"ராயப்பன் பெண்டாட்டி என் பக்கத்து வீடு. அவ அழுகையக் கேட்டுத்தான் அந்தப் பெட்டியச் செஞ்சேன். ஆள் பார்த்து வழி விடக்கூடாதுன்னுதான் ரெண்டு வருசம் கோர்ட்டுக்கு நடந்தோம். இப்ப நாம ஆள் பார்க்கோம். உள்ள ஒருத்தர் வயித்தத் தெறந்து வச்சுக்கிட்டுக் கெடக்கார். எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியல."

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு எதிர்க்குடியிருப்பில் அவளுடைய பக்கத்து வீட்டுத் திரை அணைந்தது. அவள் ஜன்னலிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மாடியில் ஒன்று. கோடி வீட்டில் இரண்டு. மடமடவென்று வரிசை முழுவதும் இருண்டது. ஊசி நான்குக்கு வந்தபோது அவள் அழுதாள். ராயப்பனின் மனைவி முதலில் அணைத்ததற்காகவே அழுதாள்.

தயாபரன் பிழைத்தார்.

ஊர்ச்சபை கூடியது. இனி அமைதி கேட்கும்போது பெயர் சொல்லவே கூடாது என்று ஒருமனதாக முடிவானது. மணி அடிக்கும், எல்லோரும் நிறுத்த வேண்டும், யாருக்காக என்று யாரும் கேட்கக் கூடாது. மணி அடிப்பதா வேண்டாமா என்பதை ஒரே ஒருவர் தீர்மானிக்கட்டும், மனு அவரிடம் மட்டும் போகட்டும் என்றார்கள். யார் அந்த ஒருவர் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நாலாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆக்னஸ் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக என்றைக்கும் நின்றதில்லை.

முதல் மாதம் இரண்டு மனுக்கள், இரண்டும் அறுவை சிகிச்சை. அடுத்த மாதம் பதினொன்று. ஒருத்திக்குக் கரையில் கிடக்கும் அம்மாவின் கடைசி முகத்தைத் தடங்கலில்லாமல் பார்க்க வேண்டும். ஒருவன் மருத்துவப் படிப்புக்கான நேரலைத் தேர்வு எழுத வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. அது கொஞ்சம் அதிகம் என்று ஒதுக்கி வைத்தாள். ஒதுக்கப்பட்ட வீட்டார் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை.

தயாபரன் குச்சி ஊன்றி நன்றி சொல்ல வந்தார். மேசையில் கிடந்த காகிதக் கட்டைப் பார்த்தார்.

"இதெல்லாம் மனுவா, மேடம்?"

"ஆமா சார். லைனைத் தொடாம வரணும்னு காகிதத்துல எழுதச் சொல்லியிருக்கு."

"எது முன்னால போகணும், எது பின்னால போகணும்னு நீங்கதான் சொல்வீங்க."

"வேற வழி?"

"குத்தமாச் சொல்லல" என்றார் அவர் மெதுவாக. "என் உசுரே அதுலதான் திரும்பி வந்துச்சு. ஆனா அந்த நாற்காலில நான் பன்னண்டு வருசம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த அன்னைக்கு நானும் உங்களை மாதிரி நல்லவனாத்தான் இருந்தேன்."

அவர் போன பிறகு ஆக்னஸ் காகிதக் கட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு வழி தோன்றியது. நல்ல வழி என்றுதான் நினைத்தாள். அடுத்த மனுவை எடுத்து, பெயர் இருந்த மேல்வரியைப் படிக்காமலே உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, கீழே இருந்ததைப் படிக்கத் தொடங்கினாள்.

இரண்டாவது வரியிலேயே கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது.