நோவடக்கிப் பொத்தான்

பத்மாசினிக்கு ஞானப்பல் பிடுங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அவள் கடக் கடக்கென்று முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

பூமியாக இருந்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்திருப்பாள். செவ்வாய்க் கூடாரத்தில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் நோவடக்கி உண்டு. பொத்தானை அமுக்கினால் வலி மூளைக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். வீக்கத்தை அது ஒன்றும் செய்யாது. அதற்காகத்தான் இயந்திர மருத்துவர் வைத்தி வீக்க மாத்திரை கொடுத்து, சாப்பிட்டபின் தவறாமல் போடு, கடினமானது எதையும் தின்னாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. வலிக்காத வாய்க்கு மாத்திரை எதற்கு? பத்மாசினி அட்டையைப் பிரிக்கவே இல்லை.

அப்போது குடியிருப்புத் தலைவர் ஜெபராஜ் நொண்டிக்கொண்டே ஓடி வந்தார். வயிற்றுப்புண்ணுக்காக மூன்று வேளையும் கஞ்சி குடிக்கிற மனிதர். வருகிற வழியில் விழுந்து முட்டியில் அடிபட்டிருந்தது.

"பத்மா, வடக்குச் சுவர்ல காத்து கசியுது! சாயங்காலம் வரைக்கும்தான் தாங்குமாம். கிளம்பு, கிளம்பு!"

வெளியே போய்ச் சுவரை ஒட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள். அதன் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டவில்லை. இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது; இடுக்கு வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. இப்படியே போனால் பத்தடிகூடத் தாண்டமாட்டாள்.

"கசிவு மணி அடிக்கலையா சார்?"

"அடிச்சுச்சு. நாலு நாளா நை நைன்னு ஒரே சத்தம், தூங்க விடல. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நல்லாருக்கு சார் நீங்க பண்ணது! இத்தனை உயிரு இருக்கே!"

"நீ மட்டும் என்னவாம்? மாத்திரை அப்படியே கிடக்கு?"

இருவரும் வைத்தியிடம் ஓடினார்கள்.

"நோவடக்கியை நிறுத்துங்க. எங்க வலிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்றது வைத்தி.

நிறுத்தினாள். இரண்டு நாள் வலியும் மொத்தமாக வந்து இறங்கியது. "அம்மாடி!" என்று அவள் போட்ட கூச்சலில் ஜெபராஜ் காதைப் பொத்திக்கொண்டார். பல் இருந்த குழியில் முறுக்குத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. வைத்தி அதைக் கழுவி எடுத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரையை விழுங்க வைத்து, கன்னத்தில் பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்தது.

"எப்ப வடியும்?"

"உடனே வடியாது. அதுவரைக்கும் நோவடக்கியைத் தொடாதீங்க. முதல் நாளே போட்டிருந்தா இவ்வளவு வீங்கியிருக்காது."

காற்று மெலிந்துகொண்டே வந்தது. காது அடைத்தது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். பத்மாசினி கவசத்தை வைத்துப் பார்த்தாள், புஸ். மறுபடி ஒத்தடம், மறுபடி கவசம், மறுபடி புஸ். இத்தனை பேர் உயிரும் தன் கன்னத்தில் தொங்குவதை நினைத்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வீக்கம் சற்று வடிந்திருந்தது. கவசத்தின் வாரை இழுத்து இறுக்கினாள். உயிர் போகிற வலி. ஆனால் புஸ் சத்தம் இல்லை. ஓடினாள். அழுதுகொண்டே ஒட்டி முடித்தாள்.

திரும்பி வந்து கவசத்தைக் கழற்றியதும் முதல் வேலையாக நோவடக்கியை அமுக்கிக்கொண்டாள். ஜெபராஜ் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தாங்க சார், இதைப் போடுங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று அட்டையை நீட்டினாள்.

"உனக்கு வேண்டாமா?"

"எனக்கு எதுக்கு? வலிதான் போயிடுச்சே!"

ஜெபராஜ் வெறும் வயிற்றில் இரண்டாக விழுங்கினார். சற்று நேரத்தில் வயிறு பற்றி எரிந்தது. காதுக்குப் பின்னால் கையை வைத்துப் பொத்தானை அமுக்கினார்.

"ஐயா, உங்க வயித்துல புண்ணு இருக்கு! அந்த மாத்திரை ஆகாது! ஐயா!" என்று வைத்தி சிவப்பு விளக்கைப் போட்டு அலறியது.

"இது ஒண்ணு, நை நைன்னு" என்று ஜெபராஜ் எட்டி அதன் ஒலியை நிறுத்தினார்.