ஒப்பீட்டுத் தட்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் யாரிடமும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதில்லை. சுவரில் எழுதி ஒட்டிய விதியல்ல அது. வேலைக்குச் சேர்ந்த அன்று லோகப்பிரியாவிடம் யாரும் சொல்லவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட, ஊரில் மழையா, பசங்க என்ன படிக்கிறார்கள் என்று வரிசையாக விசாரித்துவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பும் கோயமுத்தூரில், சரவணம்பட்டிக்கு வடக்கே சோளக்காட்டு நடுவில் நின்ற அந்த ஒற்றைமாடிக் கட்டடத்துக்குள் மட்டும் விசாரிப்பு ‘சாப்ட்டீங்களா’வோடு நின்றுவிடும்.

இரண்டு முறை கருவைப் பறிகொடுத்திருந்த அவளுக்கு அந்த மௌனம் முதலில் ஒரு கருணையாகவே தோன்றியது. சிங்காநல்லூர் வீட்டில் மாமியார் சுப்பாத்தாள் நாள் தவறாமல் விசாரிப்பாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்ப்பார்கள். இங்கே அது இல்லை. மூன்றாம் கரு தங்கி வயிறு வெளியே தெரியத் தொடங்கியபோது ஆய்வக உதவியாளர் பாலுசாமி அவளுடைய முக்காலியை எடுத்துவிட்டு, சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். துறைத் தலைவர் ரங்கராஜ் அவளுடைய புழு வளர்க்கும் தட்டுகளை மேல் அடுக்கிலிருந்து கைக்கு எட்டும் அடுக்குக்கு மாற்றச் சொன்னார். எத்தனை மாதம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தன் பழைய இழப்புகளை அறிந்து நாசூக்காக நடந்துகொள்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர்களுடைய வேலை நூற்புழுக்களோடு. மஞ்சள் காட்டில் வேரை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் புழுவின் உறவுதான். ஆனால் தீங்கற்றது, கண்ணாடி இழைபோல் உடம்புக்குள் எல்லாம் தெரியும். ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சாயலில் செய்த கரைசலைப் புழுவுக்குக் கொடுத்தால் அந்த மரபணு வாயடைத்துப்போகும் என்று நான்கைந்து வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து செய்தி வந்திருந்தது. ஊசியால் செலுத்த வேண்டும் என்பதுகூட இல்லை, தின்றாலே போதும் என்று அதன் பின்னால் இன்னொரு செய்தியும் வந்தது. இவர்கள் எடுத்துக்கொண்டது தசையை நிதானமாக வைத்திருக்கும் மரபணு. அதை அடக்கினால் புழு ஓயாமல் நடுங்கும். ஆனால் தாய்ப்புழுவைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தாய் வழக்கம்போல் மேயும், நெளியும், முட்டையிடும். குஞ்சுகளில்தான் தெரியும். அப்படி ஒருமுறை அடங்கியது எத்தனை தலைமுறைக்கு அடங்கியே இருக்கும் என்பதுதான் ரங்கராஜ் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

நல்ல பிப்பெட்டுகள் ரங்கராஜின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்ததால் மற்றவர்கள் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சித்தான் எடுத்தார்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள், தான் கருவுற்றிருப்பதையே அறியாதிருந்த லோகப்பிரியா, சற்று அதிகமாக உறிஞ்சிவிட்டாள். உப்பும் இரும்பும் கலந்த ஒரு வாய்த் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. புழுவுக்கான பாஷை மனித உடம்புக்குப் புரியாது என்று ரங்கராஜ் சிரித்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொண்டுவந்த பாலுசாமியும் சிரித்தார்.

“உடுங்க அம்மணி. இந்த லேப்புல அதைக் குடிக்காதவங்க ஆருங்க?”

அன்று மாலை வேனில் வீடு திரும்பும்போதும் அவள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். வேன் எப்போதும்போல் மில் ரோட்டு முனையில், ஜன்னல்கள் சாத்திய ஓட்டு வீட்டின் முன் நின்றது. மூத்த ஆய்வாளர் ஹாரிகாவின் மாமியார் பங்காரம்மாவின் வீடு அது. ஹாரிகா இறங்கினாள், பாலுசாமி இறங்கினார், ரங்கராஜும் இறங்கினார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. டக்டக் என்று இரண்டு அடி, சிறு நிறுத்தம், மீண்டும் இரண்டு அடி. அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில்தான் தறி இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவளுடைய ஒப்பீட்டுத் தட்டில் புழுக்கள் நடுங்கின.

எதுவும் கொடுக்கப்படாத புழுக்கள் அவை. கரைசல் தொட்ட தட்டில் காண்பது கரைசலின் வேலைதானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, எதுவும் கொடுக்காமல் ஒரு தட்டைத் தனியே வளர்ப்பார்கள். அது சாதாரணமாக இருந்தாக வேண்டும். தன் கை தவறியிருக்கும் என்று அதைக் கொட்டிவிட்டு, உறைபெட்டியில் கிடந்த பழைய இருப்பிலிருந்து புதிதாக வளர்த்தாள். அவையும் நடுங்கின. அந்த நடுக்கத்திலும் ஒரு பிசகு. கரைசல் தின்ற தாயின் குஞ்சுகள் ஆளுக்கொரு விதமாக, தாறுமாறாக நடுங்கும். இவை எல்லாம் சேர்ந்து நடுங்கின. சட்டென இரண்டு துடிப்பு. ஒரு நிறுத்தம். தட்டு முழுவதும், ஒரே நொடியில்.

பாலுசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நெடுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

“நல்லாத்தானுங்க மேயுது” என்றார். எழுந்து போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய நாற்காலியை மட்டும் மேசையிலிருந்து ஒரு சாண் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மதியமே வானம் மூடிக்கொண்டது. ஊறவைத்த ஈஸ்ட்டின் புளித்த வாசமும், ஸ்பிரிட் விளக்கின் சூடும், ஜன்னல் இடுக்கு வழியே வந்த நனைந்த சோளத்தட்டையின் வாடையும் கலந்து அறை கனத்துக் கிடக்க, கூரைத் தகரத்தில் மழை இரைவதைக் கேட்டபடி லோகப்பிரியா தட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்துக் காத்திருந்தாள். புழுக்கள் அமைதியாக இருந்தன. வளைந்து, நிமிர்ந்து, வழவழப்பாக மேய்ந்துகொண்டிருந்தன. பாலுசாமி சொன்னது சரிதான் என்று ஒரு பெருமூச்சோடு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். வயிறு மேசை விளிம்பைத் தொட்டது.

புழுக்கள் நின்றன.

உள்ளே ஏதோ அசைந்தது. முதல் அசைவு. முந்தைய இரு முறையும் அவளுக்குக் கிடைக்காமலே போனது. இத்தனை மாதமாக ஒவ்வோர் இரவும் வயிற்றில் கைவைத்தபடி காத்துக்கிடந்தது இதற்காகத்தான். கண் நிறைந்துபோய், கையை அங்கே வைத்து அழுத்தினாள்.

இரண்டு துடிப்பு. நிறுத்தம்.

மீண்டும் இரண்டு.

கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்காமல் இருந்தாள். எடுக்க முடியவில்லை. கைக்குக் கீழே துடிப்பு. கண்ணுக்குக் கீழே துடிப்பு. ஒன்றுதான். முந்தவில்லை. பிந்தவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். தட்டில் அமைதி. கைக்குக் கீழே மட்டும் தொடர்ந்தது. முன்னால் சாய்ந்தாள். தட்டு முழுவதும் நடுங்கியது.

நீண்ட தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கும் அறைக்கு நடந்தாள். மின்சாரம் போயிருந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரங்கராஜ், பாலுசாமி, ஹாரிகா மூவரும் டம்ளர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டார்கள். யாராவது கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை. அவள் அழுதுவிடுவாள், அவர்கள் சிரித்துவிடுவார்கள், இது வெறும் பயமாகிவிடும்.

யாரும் கேட்கவில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது. பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, இருட்டினால் மறுபடி வர முடியாது, அதனால் பங்காரம்மா வீட்டில் இருந்தவர்களையும் கையோடு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டதாக டிரைவர் காளிச்சாமி கதவருகே வந்து முணுமுணுத்துவிட்டு, குடையை மடக்காமலே திரும்பிப் போனான். இஞ்சின் அணைந்திருந்தது. ஆனாலும் வேன் ஓசையிட்டது.

டக்டக். நிறுத்தம். டக்டக்.

தறி.

தறியை யாரும் வேனில் ஏற்றுவதில்லை.

ஹாரிகா எழுந்து வந்தாள். லோகப்பிரியாவின் தோளை அணைத்து, சின்னப் பெண்ணை அழைத்துப் போவதுபோல் மெதுவாக ஜன்னலருகே கூட்டிப் போனாள். புடவையில் பவுடர் வாசம். குழந்தைகளுக்குப் போடும் பவுடர்.

“அந்தக் கடைசி ஜன்னல்ல இருக்கறது எங்க பையன் ரித்விக், மத்ததெல்லாம் இவங்க பிள்ளைங்க” என்றாள். “என்னைப் பார்க்க வந்துட்டான்னு நினைக்காதே. உன்னைப் பார்க்கத்தான் எல்லாரும் வந்திருக்காங்க.”

வேனின் ஜன்னல்கள் நெடுகிலும் சின்னச் சின்ன உள்ளங்கைகள் கண்ணாடியில் பதிந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் முகங்கள். அழவில்லை. சிரிக்கவில்லை. மழை வழியும் கண்ணாடியின் ஊடே எல்லாம் இந்த ஒரு ஜன்னலை, அவளுடைய முகத்துக்குக் கீழே ஓர் இடத்தை, பார்த்துக்கொண்டிருந்தன. உச்சி முதல் கால் வரை எல்லாம் சேர்ந்து துடித்தன. நின்றன. துடித்தன. கண்ணாடி அதிர்ந்தது.

அவளுக்குப் பின்னால் ரங்கராஜ் டம்ளரை வைக்கும் சத்தம். பாலுசாமி எழுந்து நிற்கும் சத்தம். அந்த ஆய்வுக்கூடத்தில் அதுவரை ஒருவரும் கேட்டிராததை ஹாரிகா, எல்லார் காதிலும் விழும்படி, பிரியத்தோடு கேட்டாள்.

“எத்தனை மாசம் கண்ணு?”

லோகப்பிரியாவின் கைக்குக் கீழே இருந்தது, வேனில் இருந்தவற்றோடு தாளம் தப்பாமல், பதில் சொல்லிக்கொண்டிருந்தது.