கடைசி வண்டியின் விளக்கு

அந்த வீட்டு வாசலில் கார் நின்றபோது நல்ல வெயில். குளிர்கால விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் பழைய மாடி வீடு. உயரமான ஜன்னல்கள், நடந்தால் முனகும் மரத்தரை, எந்த அறையைத் திறந்தாலும் ஈரக் கம்பளி வாசனை. பின்கட்டில் ஒரு கொட்டகை. காரின் தலையில் மூன்று பழைய சைக்கிள்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வந்தவர்களோ நான்கு பேர்.

"நாலாவது அங்கேயே கிடைக்கும்" என்று கேப்டன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கேப்டன் என்பது சைக்கிள் சிநேகிதர்கள் வைத்த பெயர். பிழைப்புக்குப் பல் டாக்டர். எங்கோ ஒரு பழைய சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், நோயாளியை வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவிடுவார் என்று அவர் மனைவி சொல்வாள். வருஷா வருஷம் குளிர்கால விடுமுறையில் குடும்பத்தையும் அந்தக் கிழட்டு வண்டிகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு எங்காவது போய்விடுவார். போட்டி கிடையாது, அவசரம் கிடையாது. சும்மா ஒரு உலாத்தல். ஆனால் அந்த உலாத்தலுக்கும் அவர் சட்டம் போடுவார்.

எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். பேட்டரி விளக்கு பக்கத்தில் வரக்கூடாது, டைனமோதான். பின்சக்கரத்தில் உரசிச் சுழலும் அந்தச் சின்னக் குப்பி கொடுக்கும் மின்சாரத்தில்தான் முன்விளக்கு எரியும். சக்கரம் சுற்றினால் வெளிச்சம், நின்றால் அடுத்த நொடியே இருட்டு. கேப்டன் எல்லாருக்கும் முன்னால் போவார். அவர் ஹேண்டில்பாரில் உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடி இருக்கும். கடைசி வண்டியின் விளக்கு அதில் தெரிந்தால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். அதனால் யாரும் நிற்க வேண்டாம், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். திரும்பினால் வண்டி ஆடும், பின்னால் வருகிறவன் மேலே வந்து விழுவான்.

இந்தத் தடவை கடைசி ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. புது மாப்பிள்ளைதான்.

கேப்டனின் ஒரே தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், யாரையும் கேட்காமல் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நெடுநெடுவென்று உயரம், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கேப்டனுக்கு ஆளைக் கண்டாலே ஆகாது. நேரில் 'மாப்பிள்ளை', முதுகுக்குப் பின்னால் 'லிஃப்ட்காரன்'. இந்த விடுமுறைக்கு அவனையும் கூப்பிட்டபோது சின்னவள் அழாத குறைதான். அண்ணன் மனசு மாறிவிட்டது என்று நம்பினாள். இந்த நான்கு நாள் நல்லபடியாகப் போனால் போதும், இனி பிறந்த வீட்டுக்குப் புருஷனோடு தலைநிமிர்ந்து போய்வரலாம்.

"மேட்டுல மட்டும் இறங்கித் தள்ளிடாதீங்க" என்று அவன் காதில் சொன்னாள். "அண்ணன் வாழ்நாள் பூரா சொல்லிக்காட்டுவான்."

"உயிரே போனாலும் இறங்க மாட்டேன், போதுமா?" என்றான் அவன், சிரித்துக்கொண்டு.

கொட்டகையில் கேப்டன் தேடியது கிடைத்தது. கறுப்பு வண்டி, கனமான கேரியர், முன்விளக்கின் விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல். எத்தனை வருஷமாக நின்றதோ, சக்கரத்தை ஒரு தட்டு தட்டியதும் முனகாமல் சுற்றியது. கேப்டனுக்கு வாயெல்லாம் பல். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் கொட்டகை வாசலோடு நின்றுவிட்டாள்.

"அது வேணாம் சார். அது இந்த வீட்டுச் சொந்தக்காரரோட வண்டி."

"ஏன், கோவிச்சுக்குவாரா?"

"அவர் இல்ல சார். இந்த மாதிரிக் குளிர்லதான் சிநேகிதங்களோட போனார். அவர்தான் கடைசி. வழியெல்லாம் பின்னாடி விளக்கு வந்துச்சு, நாங்க பாத்தோம்னு அத்தனை பேரும் சொன்னாங்க. வண்டி மட்டும்தான் வீடு வந்துச்சு. அவர மறுநாள் ஓடையிலேருந்து எடுத்தாங்க." அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "யாரையும் அதுல கடைசியா அனுப்பாதீங்க சார்."

கேப்டன் தலையாட்டினார். கதை கேட்கிறவர் மாதிரித்தான் ஆட்டினார். இதை வெளியே சொன்னால் லிஃப்ட்காரனுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும், மேடேறாமல் தப்பித்துவிடுவான் என்பதுதான் அவர் மனசில் ஓடியது. யாரிடமும் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்தார். வீட்டுக்காரர் குள்ளம் போல, சீட்டு அடியோடு அடியாகத் தாழ்ந்திருந்தது. நெட்டை மாப்பிள்ளைக்காக அதை அதன் எல்லை வரை உயர்த்தி, தன் கையாலேயே இறுக்கினார்.

"சிம்மாசனம் ரெடி மாப்பிள்ளை! இத்தனை நாள் லிஃப்ட்டுலயே ஏறினீங்க, இன்னைக்குக் கால்ல ஏறுங்க."

"ஏறிட்டாப் போச்சு மச்சான்."

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினார்கள். வாசல் சாலை சரிந்து இறங்கி ஓடைப் பாலத்தைத் தாண்டும். அங்கிருந்து மேடு. மேலே மரக்காட்டைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்வாசலில் வந்து முடியும். முன்னால் கேப்டன், அடுத்து அவர் மனைவி, அப்புறம் சின்னவள், கடைசியில் அவன்.

பாலத்தை நெருங்கும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் ஓடை மறைந்தது, பிறகு மரங்கள். கொஞ்ச நேரத்தில் தன் கை பிடித்திருக்கும் ஹேண்டில்பாரே சின்னவளுக்கு மங்கலாகத் தெரிந்தது. அழுகிய இலை வாசனை. நான்கு டைனமோக்களும் உரசுகிற சத்தம்.

பாலம் தாண்டியதும் பின்னால் ஏதோ கேட்டது.

ஒரு கத்தல் மாதிரி.

"அண்ணா, கேட்டுச்சா?"

"பறவை" என்றார் கேப்டன். ஆனாலும் கண்ணாடியைப் பார்த்தார். பனிக்குள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம் ஆடாமல் அசையாமல் வந்துகொண்டிருந்தது. "விளக்கு தெரியுது. வர்றான்னு அர்த்தம். நீ மிதி."

மேட்டில் மூச்சு வாங்கியது. அண்ணி இரண்டு தடவை அம்மா அப்பா என்றாள். கேப்டனுக்கே நெஞ்சு இடித்தது. கண்ணாடியில் அந்த விளக்கு மட்டும் அதே தூரத்தில், அதே வேகத்தில் ஏறி வந்தது. லிஃப்ட்காரனுக்கு இவ்வளவு கால்பலமா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

உச்சியில் இளைப்பாற நின்றார்கள். மூன்று விளக்குகளும் அணைந்தன. சின்னவள் குரல் கொடுத்தாள்.

"என்னங்க! வந்துட்டீங்களா?"

சாலையில் கொஞ்சம் தள்ளி அந்த விளக்கும் நின்றது.

"ஏண்ணா பேச மாட்டேங்குறார்? நான் போய்ப் பாத்துட்டு வரேன்." அவள் சைக்கிளைத் திருப்பினாள். கேப்டன் அவள் ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்தார்.

"மூச்சு வாங்கறத நாம பாக்கக் கூடாதுன்னு நிக்கறான். நீ போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா அவனுக்குத்தான் அசிங்கம். இன்னைக்குத்தான் ஆம்பளையா ஓட்டியிருக்கான், கெடுக்காத."

புருஷனைப் பற்றி அண்ணன் வாயிலிருந்து முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை. அதற்காக அவள் நின்றுவிட்டாள்.

இறக்கத்தில் குளிர் காதை அறுத்தது. அவளுக்கு முதுகு கூசியது. பின்னால் வருகிற டைனமோவின் உரசல் மிக அருகில் கேட்டது, ஆனால் அதோடு கூட வர வேண்டிய மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. அவன் இறக்கத்தில் சீட்டியடிப்பவன். சீட்டியும் இல்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற சட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினாள்.

பின்வாசலில் இறங்கினார்கள். கேப்டனின் விளக்கு அணைந்தது. அண்ணியின் விளக்கு அணைந்தது. அவளுடையதும் அணைந்தது.

சாலையில் அந்த விளக்கு நின்றிருந்தது.

நின்றபடி எரிந்தது.

"அண்ணா" என்றாள் சின்னவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வண்டி நிக்குது. விளக்கு ஏன் எரியுது?"

கேப்டன் தன் வண்டியின் அணைந்த விளக்கைப் பார்த்தார். உச்சியில் பார்த்ததும் இப்படித்தான் எரிந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் ஓடினாள்.

நடுச்சாலையில் கறுப்பு வண்டி ஸ்டாண்டு போட்டு நின்றது. பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெடல்கள் ஒன்று மாற்றி ஒன்றாக, யாரோ நிதானமாக மிதிப்பது போல மேலும் கீழும் போய்வந்தன. பக்கத்தில் ஆள் இல்லை.

சீட்டு அடியோடு அடியாகத் தாழ்ந்திருந்தது.

"மாப்பிள்ளை! போதும் விளையாட்டு, வெளிய வாங்க!" என்று கேப்டன் பனியைப் பார்த்துக் கத்தினார்.

பெடல் நின்றது. விளக்கு அணைந்தது.

பாலத்தடியில்தான் கிடந்தான். வீட்டின் முன்வாசலிலிருந்து கூப்பிடு தூரம். இடுப்புவரை ஓடைத் தண்ணீர், ஒரு கால் பின்பக்கமாக மடங்கியிருந்தது. சாலைக்கு ஏறும் சரிவு முழுக்க விரல்களால் பிறாண்டிய கோடுகள். ஏறியிருக்கிறான், சறுக்கியிருக்கிறான், மறுபடி ஏறியிருக்கிறான். நகக்கண்ணில் எல்லாம் மண். அவர்கள் காட்டைச் சுற்றி உலாத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவனுக்கு உயிர் இருந்தது. சின்னவள் தலையைத் தூக்கி மடியில் வைத்தபோதும் இருந்தது.

"கேரியர்ல யாரோ ஏறி உக்காந்தாங்க" என்றான். உதடு நீலமாக இருந்தது. "என்னைத் தள்ளிட்டு... அவன் ஓட்டிட்டு உங்க பின்னாடி போனான். நான் கத்தினேன்."

"பேசாதீங்க. ஒண்ணுமில்ல, பேசாதீங்க."

"பேர் சொல்லிக் கத்தினேன். நீ திரும்பவே இல்ல."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. ஆஸ்பத்திரி வாசலில் கார் நிற்பதற்கு முன்பே கை சில்லிட்டுவிட்டது. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்று டாக்டர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். வழக்கமான சொல்தான், அவள் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாமான்களை எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்த அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் அண்ணன்கிட்டத் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேம்மா. கடைசியா யாரையும் அனுப்பாதீங்கன்னு."

சின்னவளின் அழுகை அந்த இடத்தில் நின்றுபோனது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூச்சல் போடவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்ததும் பெட்டியோடு வந்து, "உன் கூடவே இருந்துக்கறேன்" என்றாள். அவரால் மறுக்க முடியுமா? கிளினிக்கில் முன்னறை மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பெயர் பதிகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

கறுப்பு வண்டியைக் கேப்டன் தன் கையாலேயே அறுத்தார். பழைய சைக்கிளில் ஒரு திருகாணி மாறினாலும் சாப்பாடு இறங்காத மனிதர், அதைத் துண்டு துண்டாக்கி உலைக்குக் கொடுத்துவிட்டு, உருகுகிற வரை நின்று பார்த்துவிட்டு வந்தார்.

பிறகு ஒரு காலையில், ஒரு டீச்சரின் கடைவாய்ப் பல்லைப் பார்க்க, நீண்ட பிடி வைத்த அந்தக் குட்டி வட்டக் கண்ணாடியை அவள் வாய்க்குள் விட்டார்.

கண்ணாடியில் அவர் தோளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி.

திரும்பினார். வெள்ளைச் சுவர்.

அன்றிலிருந்து எந்த வாயில் வைத்தாலும் அது தெரிந்தது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். அறையின் விளக்குகளை மாற்றிப் பார்த்தார். கை நடுங்க ஆரம்பித்து, நோயாளிகள் ஒவ்வொருவராக வேறு டாக்டரைத் தேடிப் போனார்கள். புள்ளி பொட்டளவாயிற்று. பொட்டு பொத்தானளவாயிற்று. தினமும் கடைசி நோயாளி போனதும் சின்னவள் கதவில் சாய்ந்து நின்று, காப்பி வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்பாள்.

"விளக்கு தெரியுதாண்ணா?"

அவர் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. "என்ன விளக்கு? ஒண்ணும் தெரியல" என்பார். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள்.

இன்று நண்பகலில் ஒரே ஒருவர்தான் வந்திருந்தார், தபால்காரர். அவர் வாய்க்குள் கண்ணாடியை வைத்ததும் கேப்டனின் கை அப்படியே நின்றுவிட்டது. விளக்கு கண்ணாடி முழுக்க இருந்தது. விளிம்பில் கட்டைவிரல் அளவு நசுங்கல் துல்லியமாகத் தெரிந்தது. பிடரியில் ஈரக்குளிராக ஒரு மூச்சு பட்டது.

"கொஞ்சம் இருங்க" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு முன்னறைக்கு ஓடிவந்தார். சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"விளக்கு தெரியுதாண்ணா?"

அவருக்கு அழுகை வந்தது. "தெரியுது."

"அப்ப வர்றார்னு அர்த்தம்" என்றாள் அவள். தலைமுடியை ஒதுக்கி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "நீ போய் வேலையப் பாரு. திரும்பிப் பார்க்காத."

உள்ளே தபால்காரர் வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். அவர் தலைமாட்டில், சக்கரம் வைத்த அந்த ஸ்டூல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து நகர்ந்தது போல.

அது அதன் எல்லை வரை உயர்ந்திருந்தது. அந்த உயரத்தில் உட்கார்ந்தால் கேப்டனின் கால் தரையைத் தொடாது.