கலங்கிய வெறுங்குழாய்

"ஐயா, எங்க கூடத்துல சோதனைக்குழாய் கழுவுற அண்ணனை இன்னைக்குச் சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. பாவம், அவர் மேல தப்பே இல்லை" என்று சொல்லிவிட்டு, அந்தப் பரிசோதனைக்கூடப் பெண் கைக்குட்டையைத் தேடினாள். அவளுடைய மேலங்கிப் பையின் விளிம்பில் லேசான மஞ்சள் கறை இருந்தது.

துப்பறிவாளர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். நோட்டும் கையுமாக இருந்த அவருடைய மச்சான் முந்திக்கொண்டார். "என்னம்மா நடந்தது?"

பால்மாவில் ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. அந்த விட்டமின் இல்லாத திரவத்தில் மாவுச்சாற்றைக் கலந்து, அந்த விட்டமின் இல்லாமல் வளரவே முடியாத ஒரு நுண்ணுயிரை விடுவார்கள். எவ்வளவு கலங்குகிறதோ அவ்வளவு விட்டமின். ஒப்பிட்டுப் பார்க்க, சாறு சேர்க்காத வெறுங்குழாய் ஒன்றும் உண்டு. தெளிந்திருக்க வேண்டிய அந்தக் குழாய் மூன்று வாரமாகக் கலங்குகிறது.

"கழுவினது சரியில்லை, வேறென்ன!" என்றார் மச்சான்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, மச்சான்" என்று சிரித்த துப்பறிவாளர் அவளிடம் திரும்பினார். "அவர் கழுவுற குழாய்ல வேற பரிசோதனை நடக்குதா?"

"பி12 விட்டமின் பரிசோதனை நடக்குது. அதை இன்னொருத்தர் செய்யறார். அது தெளிவாத்தான் இருக்கு."

துப்பறிவாளர் மச்சானை டீ வாங்க அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப கழுவினதுல கோளாறில்லை. அம்மா, நீங்க ஃபோலிக் மாத்திரையைப் பாதியா உடைச்சுச் சாப்பிடறீங்களா? அதோட தூள், உங்க பை விளிம்புல இருக்கற கறை மாதிரி மஞ்சளா இருக்கும். துளி பட்டாலும் குழாய் கலங்கிடும்."

அவள் திடுக்கிட்டாள். "கையைக் கழுவிட்டுத்தானே ஐயா வேலையைத் தொடங்கறேன்!"

"கழுவறீங்க. அப்புறம் பேனா எடுக்க, மாத்திரை வெச்ச அதே பைக்குள்ள கைவிடறீங்க."

அவள் கண்கள் நிறைந்தன. "ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு ஐயா. இந்தத் தடவை மூணு மாசம் முடியறவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"என் வாயால எதுவும் வெளிய போகாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வேண்டாம். அண்ணனுக்காக நானே சொல்லிடறேன்."

மாலையில் மேலாளர் அறையில், துப்பறிவாளரையும் மச்சானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள். வீட்டுக்குப் போகத் தயாராக நின்ற குழாய் கழுவுபவர், மடித்து வைத்திருந்த ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தது. "முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தக் கனமான ட்ரேயை உன்னைத் தூக்க விட்டிருப்பேனாம்மா?"

மச்சான் நோட்டைத் திறந்தார். "குற்றவாளி பேர் என்னன்னு எழுதட்டும்?"

"இன்னும் பேர் வைக்கலை, மச்சான்."