பாப்பாவின் கைத்தடம்

பாப்பாவின் கைத்தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் முளைத்திருந்தது.

பயிற்றுநர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தெம்பும் இல்லை. விடுப்பில் போன இருவரின் நுண்ணுயிரியல் வகுப்புகளும் குருவி தலையில் பனங்காயாக அவள் மேல் உட்கார்ந்திருந்தன. முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் கிருமி வளர்க்கும் அந்தப் பெரிய அகார் தட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், நாலு வயது மகளைக் கை பதிக்கச் சொல்லி வாங்கிவந்தாள். இன்குபேட்டர் பெட்டிக்குள் உடம்புச் சூடு அளவு வெப்பத்தில் கிருமிகள் பெருகி, வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு குட்டிக் கையாகவே நிற்கும். அதைப் பார்த்தபின் எந்தச் சோம்பேறியும் சாப்பிடுமுன் கை கழுவுவான்.

"இது யார் விரல் மிஸ்?" என்றாள் முன்வரிசை மாணவி.

"என்னோடதா இருக்கும்மா. தெரியாம பட்டிருக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர மனம் ஒப்பவில்லை. வகுப்பு முடிந்து, கால் கடுக்க மறுபடி இன்குபேட்டரைத் திறந்தபோது, புளித்த பாலும் ஈரத்துணியும் கலந்தாற்போன்ற வழக்கமான வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. அதன் அடியில் யாரோ மூச்சு விட்டதுபோல இன்னொரு வாடை. தட்டில் இப்போது நான்கு நீண்ட விரல்கள் ஓரத்திலிருந்து உள்ளே வந்திருந்தன. காலையில் பார்த்த ஒற்றை விரல் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கிருமி பரவும், இருந்த சுவடே இல்லாமல் இடம் மாறாது. முதல் வகுப்பில் அவளே நடத்திய பாடம் அது.

ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்தார். "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்னு சும்மாவா சொன்னாங்க மேடம்?"

"நீங்க வேற அண்ணே, இருக்கற அலுப்புல."

அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். அந்த விரல்கள் அவள் விரல்களைவிட ஒரு கணு நீளம். கையை எடுத்தாள். இப்போது அவை குட்டி விரல்களின் இடுக்குகளில் நுழைந்திருந்தன, சாலையைக் கடக்கும்போது பிள்ளையின் கையைக் கோத்துப் பிடிப்பதுபோல.

ஆய்வகத்தில் எதைக் கண்டு பயந்தாலும் செய்வது ஒன்றுதான்: ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் போட்டு அவித்துவிடுவது. தட்டை உள்ளே வைத்து மூடியை முறுக்கிச் சூட்டை ஏற்றினாள். நீராவி சீறியது. அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறி உச்சியில் நின்றது.

கைபேசி ஒலித்தது. கணவன்.

"பாப்பா திடீர்னு வீல்னு கத்துறா. கை சுடுதாம். பார்த்தா ஒண்ணுமே இல்ல!"

பின்னால் பிள்ளையின் அலறல். பாய்ந்து இயந்திரத்தை நிறுத்தினாள். ஆனால் அழுத்தம் இறங்காமல் மூடி திறக்காது. மெல்லத்தான் இறங்கும். அவள் மூடியைப் பிடித்து உலுக்கினாள், அடித்தாள், கெஞ்சினாள். தன் பிள்ளையைத் தானே அவிக்கிறோம் என்று நெஞ்சு வெடித்தது.

ஒருவழியாகத் திறந்தபோது உருகிச் சுருண்ட பிளாஸ்டிக்கும் கலங்கிய தண்ணீரும்தான் இருந்தன.

"அழுகை நின்னுடுச்சு," என்றான் கணவன். "படுத்திருக்கா. நீ பதறாம வா."

அப்பாடா என்றிருந்தது. வீடு வந்து சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

படுக்கையறையில் விளக்கு போடவில்லை. சன்னலில் கொஞ்சம் அந்தி வெளிச்சம். இன்குபேட்டரில் மூச்சுபோல வந்த அதே வாடை. பாப்பா சுவரோரம் விழித்துப் படுத்திருந்தாள்.

"அதுக்குச் சுட்டுச்சாம், அம்மா. அதான் வெளிய வந்துடுச்சு."

"எதுடா தங்கம்?"

பிள்ளையின் வலக்கை சுவர்ப் பக்கம் நீண்டிருந்தது. விரல்கள் அகல விரிந்திருந்தன. இடுக்குகளில் தோல் அமுங்கியிருந்தது. நான்கு பள்ளங்கள். அங்கே யாரும் இல்லை.

பள்ளங்கள் ஆழமாயின.

அவள் மகளின் இடக்கையை இரு கைகளாலும் பற்றினாள். முழு பலத்தோடு இழுத்தாள்.

மறுபக்கமும் இழுத்தது.